இங்கிலாந்திற் பெருநீல வண்ணத்துப்பூச்சி: அழிவும் மீட்சியும்

வரலாறு என்றதும் மன்னரும் போரும் உடன்படிக்கையும் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயினும், ஒரு நாட்டின் மேய்ச்சல் நிலத்துக்கும், அந்நிலத்திற் படரும் சிறு பூண்டுக்கும், அப்பூண்டை அண்டி வாழும் சிற்றுயிருக்கும் வரலாறு உண்டு. அதற்கும் ஆண்டுக் கணக்குண்டு, எழுத்துச் சான்றுண்டு, காரண காரியத் தொடர்புண்டு. மனிதனின் நல்லெண்ணத்துக்கும் அவன் அறிவுக்கும் இடையே எத்துணைத் தூரம் உண்டென்பதை அத்தகைய வரலாறு சில வேளைகளில் மன்னர் வரலாற்றினும் தெளிவாகக் காட்டிவிடும். இங்கிலாந்தில் வாழ்ந்த பெருநீல வண்ணத்துப்பூச்சியின் கதை அத்தகையது.

1979 ஆம் ஆண்டிலே இவ்வினம் இங்கிலாந்தில் அற்றுப்போயிற்று. அஃது எவரும் அறியாது மறைந்த உயிரன்று. அதனைக் காப்பதற்கென அறிஞர் குழுக்கள் அமைந்திருந்தன. அது வாழ்ந்த நிலத்துக்கு வேலி இடப்பட்டது. அதனைப் பிடித்தல் குற்றமெனப் பாராளுமன்றம் 1975 ஆம் ஆண்டிலே சட்டமும் இயற்றியது. இத்துணைக் காவல் இருக்கவும் அஃது அழிந்தது எங்ஙனம்? அழிந்தபின் மீண்டும் அந்நாட்டிற் பல்கியது எங்ஙனம்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இனமும் இடமும்

பெருநீலத்தின் விரித்த சிறகு ஏறத்தாழ 4 முதல் 5 சென்ரிமீற்றர் அகலமுடையது. இது பேருருவம் அன்று. எனினும் இங்கிலாந்தில் வாழும் ஏனைய நீலவண்ணத்துப்பூச்சிகள் இதனிலும் சிறியன ஆதலின் இப்பெயர் அதற்கு வாய்த்தது. சிறகின் மேற்புறம் ஒளிர்நீலம், ஓரம் கருமை, முன்சிறகின் நடுவே நீர்த்துளி போன்ற கரும்புள்ளிகள் சில. இவ்வினத்துக்கு 'அரியோன்' எனும் விஞ்ஞானப் பெயரை 1758 ஆம் ஆண்டிலே சூட்டியவர் சுவீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயஸ் ஆவர். இங்கிலாந்தில் இஃது உண்டென்பதை வில்லியம் லூயின் என்பார் 1795 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிற் பதிவுசெய்தார்.

மேற்கு ஐரோப்பா தொடக்கம் சைபீரியா வரையும் பரந்து வாழும் இவ்வினத்துக்கு இங்கிலாந்து வடமேற்கு எல்லை நிலமாகும். எல்லையில் வாழும் உயிருக்கு வாழ்க்கை எளிதன்று. கோடை குளிர்ந்தும் மழை மிகுந்தும் உள்ள அந்நாட்டிலே, தெற்கு நோக்கிச் சரிந்து வெயிலை நன்கு ஏற்கும் மேட்டு நிலங்களே அதற்குப் பொருந்தின. கொற்சுவோல்ட் குன்றுகள், சொமசெற்றைச் சேர்ந்த போல்டன் குன்றுகள், டாட்மூர் மேட்டுநிலத்தின் ஓரங்கள், டெவன் கோர்ன்வால் பகுதிகளின் கடலோரச் சரிவுகள் என்பன அதன் பேரிடங்களாக விளங்கின. பீற்றர்பரோ நகரை அடுத்த பார்னக் என்னும் ஊரிலும் அது வாழ்ந்தது. இடைக்காலத்திற் பேராலயங்கள் கட்டுதற்குக் கல் அகழ்ந்த இடம் பார்னக். அகழ்ந்து கைவிடப்பட்ட பள்ளங்களையும் மேடுகளையும் குறும்புல் மூட, அவற்றின்மேற் பெருநீலம் பறந்தது. 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி கடந்ததும் அவ்விடத்தில் அது காணப்படவில்லை. பின்னர் வந்த அழிவுக்கு அதனை ஒரு முன்னறிகுறி எனலாம்.

மறைந்திருந்த வாழ்க்கை

பெருநீலம் தன் முட்டைகளைத் தைம் எனப்படும் நறும்பூண்டின் அரும்புகளிலே ஒவ்வொன்றாக இடும். யூன், யூலை மாதங்களில் இது நிகழும். முட்டையினின்று வெளிப்படும் குடம்பி அப்பூவையும் அதன் இளவிதையையும் உண்டு மும்முறை தோல் கழற்றும். இதுகாறும் நிகழ்வனவற்றை 19 ஆம் நூற்றாண்டினர் அறிந்திருந்தனர். மூன்றாம் முறை தோல் கழற்றியதும் அக்குடம்பி தைம் பூவை வெறுத்து ஒதுக்கிற்று. வேறெவ்விலையை இட்டாலும் உண்ணாது மடிந்தது. நிலத்தில் வீழ்ந்த பின் அஃது எங்குச் செல்கின்றது, யாதை உண்கின்றது என்பன நெடுங்காலம் விடுவிக்க இயலாத புதிராகவே இருந்தன.

அப்புதிரை விடுவித்தோர் மூவர். ஓவியரும் இயற்கையறிஞருமான பிரெடரிக் வில்லியம் புரோகோக் ஒருவர். வைத்தியரான சப்மன் மற்றொருவர். கப்டன் பியூர்போய் மூன்றாமவர். 1915 ஆம் ஆண்டிலே சப்மன் தைம் செடியொன்றை மண்ணோடு அகழ்ந்தபோது, எறும்புக் கூட்டின் நடுவே பருத்த குடம்பி ஒன்று அகப்பட்டது. அகழ்கையில் அது காயமுற்று இறந்தது. அதன் குடலை நுணுக்குக்காட்டியில் வைத்து நோக்கிய அவர், அதனுள் எறும்புக் குஞ்சுகளின் எச்சங்களைக் கண்டார். தைம் பூவை உண்டு தொடங்கிய வாழ்க்கை எறும்புக் குஞ்சுகளை உண்டு முடிகின்றது என்பது அன்று தெளிவாயிற்று. பியூர்போய் வால்நட் கொட்டையின் ஓட்டுக்குள் எறும்புகளைக் குடியேற்றி, அவற்றிடையே குடம்பியை வளர்த்து, அதன் முழு வாழ்க்கையையும் கண்டறிய வழிசெய்தார். புரோகோக் அதனைத் தம் நூலிலே விரித்தெழுதி 1924 ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

அவர் கண்டவற்றின் சுருக்கம் வருமாறு. நிலத்தில் வீழும் குடம்பி 4 மில்லிமீற்றர் அளவினது. மாலையில் இரைதேடி வரும் செவ்வெறும்பு அதனைத் தொட்டுத் தடவும்போது அது தேன்போன்ற துளியொன்றைச் சுரக்கும். பின்னர் தன் உடலைப் புடைத்து வளைக்கும். அதனைத் தன் இனத்துக் குஞ்சென மயங்கிய எறும்பு, வாயாற் கவ்விக் கூட்டுக்குள் எடுத்துச் செல்லும். அங்கு ஒன்பது பத்து மாதங்கள் தங்கி, வளர்ப்போரின் குஞ்சுகளையே உண்டு கொழுத்து, அடுத்த கோடையிற் சிறகு பெற்று அது வெளிவரும். காகத்தின் கூட்டிற் பிறந்து வளரும் குயிலுக்குப் பிறரால் வளர்க்கப்படுவது எனும் பொருளிற் பரபிருதம் என்று நம் முன்னோர் பெயரிட்டனர். பெருநீலமும் ஒரு பரபிருதமே. குயிலின் வாழ்வு காகத்தின் வாழ்வோடு பிணைந்திருத்தல்போல இதன் வாழ்வு எறும்பின் வாழ்வோடு பிணைந்துள்ளது. நீலவண்ணத்துப்பூச்சிக் குடும்பத்திலே எறும்புறவு அரியதொன்றன்று. இலங்கையிலும் அக்குடும்பத்துச் சில குடம்பிகள் முயிற்றெறும்புகளின் துணையோடு வாழ்கின்றன.

மனிதன் ஆக்கிய வாழிடம்

பெருநீலம் வாழ்ந்த குன்றுச் சரிவுகளை இயற்கையின் கன்னி நிலங்கள் என்று அக்காலத்தார் கருதினர். வரலாறு வேறு கூறுகின்றது. ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முன்னர் பிரித்தானியத் தீவிலே பயிர்த்தொழிலும் ஆநிரை வளர்ப்பும் தொடங்கியபோது அங்கு பெரும்பாலும் காடே இருந்தது. காடு வெட்டப்பட்டது, வெட்டிய இடத்தில் ஆடு மாடுகள் மேய்ந்தன, மேய்ந்த இடத்திற் புல் குறுகியது, குறும்புல்லின் இடையே தைம் படர்ந்தது. இடைக்கால இங்கிலாந்தின் பெருஞ்செல்வம் கம்பளியாகும். பிரபுக்கள் சபையின் தலைவர் கம்பளி பொதிந்த இருக்கையில் அமரும் வழக்கம் அச்செல்வத்தின் நினைவேயாம். கொற்சுவோல்ட் குன்றுகளில் எழுந்த பெரிய தேவாலயங்கள் பல கம்பளி வணிகரின் கொடையாற் கட்டப்பட்டவை. அக்கம்பளியைத் தந்த செம்மறிகளின் பற்களே பெருநீலத்தின் வாழிடத்தையும் காத்துவந்தன.

செம்மறிக்குத் துணையாக வந்தது முயல். நோர்மானியர் இங்கிலாந்தை வென்றபின், 12 ஆம் நூற்றாண்டளவில், முயல்களை இறைச்சிக்கும் தோலுக்குமாக வேலியிட்ட நிலங்களிலே வளர்த்தனர். காலப்போக்கில் அவை வேலி தாண்டிப் பெருகிக் குன்றெங்கும் பரவின. உழவர் முயலைப் பகையாகவே கண்டனர். ஆயினும் ஆடு செல்லாத செங்குத்துச் சரிவிலும் புல்லை ஒட்டக் கறித்து வைத்தது முயலே ஆகும். கரையோரச் சரிவுகளிலே குடியானவர் புதர்களை இடையிடையே தீயிட்டு அழித்தமையும் புல்நிலத்தைப் புதுக்கிற்று. எனவே பெருநீலத்தின் வாழிடம் பல தலைமுறை உழைப்பாலும் மேய்ச்சலாலும் ஆகிய ஒன்று. உழைப்பு நின்றால் நிலமும் மாறிவிடும் என்பதை நினைந்தவர் அன்று ஒருவருமிலர்.

வேலி செய்த கேடு

19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வண்ணத்துப்பூச்சி திரட்டல் இங்கிலாந்திற் பெரும் பொழுதுபோக்காக வளர்ந்தது. ஊசியிற் குத்தி அடுக்கிய அரிய இனங்கள் விலைக்கும் விற்கப்பட்டன. பெருநீலம் அரிதானது, அழகியது, ஆகவே திரட்டுவோர் அதனை நாடி வந்தனர். ஓரிடத்தில் அது குறைந்தபோதெல்லாம் பழி அவர்மேல் விழுந்தது. கண்முன் வலையோடு நிற்பவனைக் குற்றவாளி எனக் கொள்ளுதல் எளிதன்றோ? குளிர்ந்த கோடைகளும் மழையும், சிற்சிலரால், காரணமாகக் காட்டப்பட்டன.

1925 ஆம் ஆண்டிலே பூச்சியியற் சங்கத்தார் அருகிவரும் இனங்களைப் பாதுகாக்கவென ஒரு குழுவை அமைத்தனர். அதனைத் தொடர்ந்து 1930களில், மேற்குக் கரையிற் பெருநீலம் செழித்திருந்த சரிவொன்று காப்பிடமாக்கப்பட்டு வேலியிடப்பட்டது. திரட்டுவோர் உட்புகாமையே வேலியின் நோக்கம். அந்நோக்கம் நிறைவேறியது. ஆனால் அவ்வேலி ஆட்டையும் மாட்டையும் உட்புகவொட்டாது தடுத்தது. மேய்ச்சலற்ற சரிவிலே புல் நெடிது வளர்ந்தது, முட்செடி மூடியது, சில ஆண்டுகளில் அங்குப் பெருநீலம் இல்லாதொழிந்தது. அதே காலத்தில், எவ்வகைக் காவலும் இன்றி மாடுகள் மிதித்துழக்கிய அயற் சரிவுகளில் அது தொடர்ந்து வாழ்ந்தது. இம்முரண்பாட்டின் பொருள் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் விளங்காமலே கிடந்தது.

காவலரின் கருத்தைக் குறைகூறுதல் பொருந்தாது. அவர் கண்ணுக்குப் பூச்சியும் பூவும் தெரிந்தன. எறும்புண்டு என்பதும் 1915 ஆம் ஆண்டின் பின் தெரிந்தது. ஆனால் அஃது எந்த எறும்பு, அவ்வெறும்புக்கு வேண்டிய நிலம் எத்தகையது என்னும் வினா எழவில்லை. செவ்வெறும்பு எங்கும் உண்டென்று அனைவரும் அமைந்திருந்தனர்.

முயற்கொள்ளை

இந்நிலையில் எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு பேரிடர் வந்தது. மிக்சோமற்றோசிஸ் என்பது தென்னமெரிக்க முயல்களிடையே தோன்றிய ஒரு வைரசு நோய். அது தென்னமெரிக்க முயலைச் சிறிதே வருத்தும். ஐரோப்பிய முயலையோ கொல்லும். முயற்பெருக்கத்தால் இடருற்ற அவுத்திரேலியாவில் 1950 ஆம் ஆண்டிலே அதனை வேண்டுமென்றே பரப்பினர். 1952 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு வைத்தியர் ஆர்மான்-டெலில் தமது நிலத்து முயல்களை ஒழிக்கக் கருதி அந்நோயை அங்குப் புகுத்தினார். மதில் சூழ்ந்த தம் நிலத்தைத் தாண்டி அது செல்லாது என்பது அவர் நம்பிக்கை. நோய் மதிலை மதிக்கவில்லை. சில திங்களில் பிரான்சு எங்கும் பரவி, 1953 ஆம் ஆண்டிலே கடல் கடந்து இங்கிலாந்தின் கென்ற் பகுதியிற் காணப்பட்டது.

இங்கிலாந்தில் முயல் தெள்ளுப்பூச்சி நோயை ஒரு முயலினின்று மற்றொன்றுக்குக் கடத்தியது. உழவர் சிலர் நோயுற்ற முயல்களைத் தாமே கொண்டுசென்று தம் நிலங்களில் விட்டனர். அங்ஙனம் பரப்புதல் குற்றமென 1954 ஆம் ஆண்டிலே சட்டம் பிறந்தது. ஆனால் அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. 1955 ஆம் ஆண்டளவில் நாட்டு முயல்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டவை மாண்டன. பயிர் விளைச்சல் பெருகியதென உழவர் மகிழ்ந்தனர். அவர் மகிழ்ச்சி நியாயமானதே. குன்றுச் சரிவுகளிலோ அன்றுவரை கறிக்கப்பட்ட புல் நிமிர்ந்து எழுந்தது.

அதே காலத்திலே மேய்ச்சல் முறையும் மாறிற்று. இரண்டாம் உலகப்போரின் பின் உழவு இயந்திரமும் செயற்கை உரமும் பெருகின. சமநிலம் உழப்பட்டு உரமிடப்பட்டது. உழ இயலாத சரிவுகளில் ஆடு மாடு மேய்த்தல் ஊதியம் தராத தொழிலாகிக் கைவிடப்பட்டது. உழப்பட்ட நிலத்திலும் தைம் இல்லை. கைவிட்ட நிலத்திலும் பெருநீலம் இல்லை என்னும் நிலை வந்தது. 1950களின் தொடக்கத்தில் முப்பதளவில் இருந்த அதன் குடிகள் ஒன்றன்பின் ஒன்றாய் மறைந்தன. 1962 ஆம் ஆண்டிலே பெருநீலத்தைக் காப்பதற்கென்றே பல நிறுவனங்களும் கூடி ஒரு குழு அமைத்தன. எனினும் வீழ்ச்சி நிற்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் எஞ்சிய குடிகள் ஒன்றிரண்டே.

அறிவு வந்த காலம்

1972 ஆம் ஆண்டிலே ஜெரமி தோமஸ் என்னும் இளம் ஆராய்ச்சியாளர் டாட்மூர் பகுதியில் எஞ்சிய குடியை ஆராயச் சென்றார். ஆறு கோடைகளை அவர் அங்கு கழித்தார். அவர் கைக்கொண்ட முறை பெரிதும் எளியது. முட்டைகளை எண்ணினார், குடம்பிகளை எண்ணினார், அவற்றை எடுத்துச் செல்லும் எறும்புகளைப் பின்தொடர்ந்தார், புல்லின் உயரத்தை அளந்தார், மண்ணின் வெப்பநிலையைக் குறித்தார். இவ்வாறு ஒவ்வொரு பருவத்திலும் எத்தனை உயிர்கள் மடிகின்றன என்று கணக்கெடுத்தபோது, கேடு விளையும் இடம் எறும்புக் கூடே என்பது புலனாயிற்று.

செவ்வெறும்பு ஓரினம் அன்று; பல இனம். மிர்மிக்கா எனும் பேரினத்தைச் சேர்ந்த பலவகை எறும்புகளும் பெருநீலக் குடம்பியைக் கண்டாற் கூட்டுக்கு எடுத்துச் செல்லும். ஆனால் மிர்மிக்கா சபுலெற்றி என்னும் இனத்தின் கூட்டிலேயே அது செவ்வனே வளரும்; பிற இனங்களின் கூட்டிற் பெரும்பாலும் மடியும். சபுலெற்றியையும் அதன் உறவினங்களையும் வெறுங்கண்ணால் வேறுபடுத்தல் அரிது. உணர்கொம்பின் அடிப்பாகத்தில் உள்ள சிறு வளைவை உருப்பெருக்கிக் காணின் அன்றி வேற்றுமை தெரியாது. அச்சிறு வளைவைப் பொருட்படுத்தாமையே அரை நூற்றாண்டு முயற்சியை வீணாக்கியது.

சபுலெற்றி வெம்மையை விரும்பும் எறும்பு. இங்கிலாந்தின் தட்பவெப்பத்தில், புல் 3 சென்ரிமீற்றர் அளவினதாய் இருக்கும்போதே வெயில் மண்ணைத் தொட்டு அதன் கூட்டுக்கு வேண்டிய சூட்டை அளிக்கும். புல் மேலும் சில சென்ரிமீற்றர் வளரின் நிழல் விழுந்து மண்ணின் வெப்பநிலை 2 முதல் 3 பாகை குறையும். அந்நிலையில் சபுலெற்றி ஒழிய, குளிர்ச்சியைப் பொறுக்கும் வேறு மிர்மிக்கா அவ்விடத்தைக் கொள்ளும். தைமோ உடனே மறைவதில்லை. ஆதலின் மேலிருந்து நோக்குவார்க்கு நிலம் முன்போலவே தோன்றும், பூவும் இருக்கும், எறும்பும் இருக்கும். வண்ணத்துப்பூச்சி வந்து முட்டையும் இடும். குடம்பியை எறும்பும் எடுத்துச் செல்லும். அடுத்த ஆண்டில் சிறகு பெற்று வெளிவருவது எதுவும் இராது.

மேலும், பெருநீலம் ஒன்று முற்றி வளர ஏறத்தாழ 350 வேலையெறும்புகள் கொண்ட பெரிய கூடு வேண்டும். ஒரு கூட்டுக்குட் பல குடம்பிகள் புகுந்தால் உணவு போதாது அவை மடியும். எனவே எறும்பு இருந்தாற் போதாது. தைம் செடிகளின் அருகே எறும்புக் கூடுகள் செறிந்திருத்தலும் வேண்டும். இவை யாவும் ஒருங்கே அமைதற்கு மேய்ச்சல் இன்றியமையாதது. வைத்தியர் ஒருவரின் நிலத்தில் விடப்பட்ட நோய் முயலைக் கொன்றது. முயல் போனதாற் புல் வளர்ந்தது. புல்லின் நிழல் மண்ணைக் குளிர்வித்தது. குளிர்ந்த மண்ணை எறும்பு நீங்கியது. எறும்பு நீங்கப் பெருநீலம் அழிந்தது. வேலியின் முரண்பாட்டுக்கும் இத்தொடரே விடையாயிற்று.

விடை கிடைத்ததும் டாட்மூர் நிலத்தில் மேய்ச்சல் ஒழுங்குபடுத்தப்பட்டது. எறும்பும் மீளத் தொடங்கிற்று. ஆனால் குடி மிகச் சிறிதாய்விட்டது. 1975, 1976 ஆம் ஆண்டுகளின் கடும் வறட்சி தைமைக் கருக்கிற்று. எஞ்சிய சில பூச்சிகளை அடைத்து வளர்த்தும் பயன் விளையவில்லை. 1979 ஆம் ஆண்டிலே இங்கிலாந்திற் பெருநீலம் இல்லையென அறிவிக்கப்பட்டது. சட்டம் பிறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அழிவுக்குக் காரணம் யாது என்பதைத் தோமஸ் அடுத்த ஆண்டிற் கட்டுரையாக வெளியிட்டார்.

மீட்சி

அழிந்த இனத்தைக் குறித்த அறிவு பயனற்றதெனக் கைவிடப்படவில்லை. சுவீடன் நாட்டின் ஓலந்துத் தீவிலே பெருநீலம் வாழ்ந்துகொண்டிருந்தது. இங்கிலாந்தின் பழைய தலங்களிற் சிலவற்றிலே புதர் நீக்கி, மாட்டையும் குதிரைக்குட்டிகளையும் ஆட்டையும் பருவமறிந்து மேய்த்து, சபுலெற்றி மீண்டும் செறியும்வரை காத்திருந்தனர். பின்னர் 1983 ஆம் ஆண்டில் தோமஸும் டேவிட் சிம்கொக்ஸ் என்பாரும் ஓலந்திலிருந்து குடம்பிகளைக் கொணர்ந்து டாட்மூரில் விட்டனர். சோதனை பலித்தது. 1992 ஆம் ஆண்டில் போல்டன் குன்றுகளிலுள்ள கிரீன் டவுன் என்னும் இடத்திலும், 2000 ஆம் ஆண்டிற் கொலாட் குன்றிலும் அது குடியேற்றப்பட்டது. கொலாட் குன்றிலே பொதுமக்கள் சென்று காணவும் இடமளிக்கப்பட்டது.

இம்மீட்சியின் முறையையும் பயனையும் தோமஸ் குழுவினர் 2009 ஆம் ஆண்டிற் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டனர். 2016 ஆம் ஆண்டுக் கோடையில் கிரீன் டவுனிலும், கொற்சுவோல்ட் பகுதியைச் சேர்ந்த டேன்வே சரிவிலும் 10,000க்கும் மேற்பட்ட பெருநீலங்கள் பறந்தன. 2019 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1,100 குடம்பிகள் ரொட்பரோ பொதுநிலத்தில் விடப்பட்டன. அடுத்த கோடையிலே, 150 ஆண்டுகளின் பின், அங்குப் பெருநீலம் காணப்பட்டது. 2022 ஆம் ஆண்டில் வெளியான பிரித்தானியச் செந்நூற் பட்டியல் இதனைப் பேரிடர் நிலையிலிருந்து இறக்கி, இடரை அண்மிய இனமென வகுத்தது. இவ்வினத்துக்காகத் திருத்தப்பட்ட சரிவுகளிலே அரிய வேறு செடிகளும் பூச்சிகளும் பெருகின என்பதும் குறிப்பிடத்தக்கது.

எஞ்சும் இடர்கள்

மீட்சியைக் கண்டு அமைந்துவிடுதல் தகாது. திரட்டுவோரின் வலை முற்றாக ஒழியவில்லை. 2015 ஆம் ஆண்டில் இரு பெருநீலங்களைப் பிடித்த ஒருவர் 2017 ஆம் ஆண்டிலே நீதிமன்றத்தில் குற்றவாளியாகக் காணப்பட்டார். பெருங்குடியிலிருந்து இரண்டைக் கவர்தல் அதனை அழிக்காது; அற்பக் குடியினின்று கவர்தல் அழித்துவிடலாம். ஆகவே சட்டம் வேண்டாத ஒன்றன்று. அது தனித்து நின்று காக்கமாட்டாது என்பதே உண்மை.

ஐரோப்பாக் கண்டத்திலே நிலைமை இன்னும் கவலைக்குரியது. 2010 ஆம் ஆண்டின் ஐரோப்பியச் செந்நூற் பட்டியல் பெருநீலத்தை அழிவுறும் இனமாகக் கொண்டது. ஒல்லாந்தில் அது 1960களிலேயே மறைந்தது. மலைச் சரிவுகளைவிட்டு இளைஞர் நகரம் செல்ல, மேய்ப்பாரின்றிப் புல்நிலங்கள் காடாகின்றன. சமநிலங்களிலோ உரமும் உழவும் தைமை ஒழிக்கின்றன. இங்கிலாந்திற் கண்ட கேடு அங்குப் பரந்த அளவில் நடைபெறுகின்றது.

காலநிலை மாற்றம் புதியதோர் இடராகும். வெம்மை மிகும்போது 3 சென்ரிமீற்றர் என்னும் அளவே மாறக்கூடும். வெப்பம் மிக்க மத்திய பிரான்சிலே சபுலெற்றி இதனிலும் உயர்ந்த புல்லிடையே வாழ்கின்றது. இங்கிலாந்தும் அவ்வண்ணம் வெம்மையுறின், குறும்புல்லே என்றும் நன்றெனப் பிடிவாதமாய் இருத்தல் வேலியிட்டோரின் பிழையை மறுமுறை செய்வதாய் முடியும். ஆகையால் அளத்தலும் எண்ணுதலும் ஆண்டுதோறும் நிகழவேண்டியவை. 1970களிற் கண்ட விடை எக்காலத்துக்கும் போதும் என்று ஓய்ந்திருத்தல் இயலாது.

முடிபு

இவ்வரலாற்றில் பகைவர் என்று ஒருவரைச் சுட்டுதல் அரிது. வேலியிட்டோர் நல்லெண்ணம் உடையோர். முயலொழிந்தது கண்டு மகிழ்ந்த உழவர் தம் பயிரைக் காத்தோர். பிரான்சு நாட்டு வைத்தியரும் தம் நிலத்தையே கருதினார். ஆயினும் இவர் அனைவரின் செயலும் ஒன்றுகூடி ஓர் இனத்தை ஒரு நாட்டினின்று நீக்கிற்று. மீட்டதும் மனிதரே. ஒருவர் முழந்தாளிட்டுப் புல்லின் உயரத்தை அளந்தார். எறும்பை அதன் இனமறிந்து எண்ணினார். அவர் கண்டதை நம்பிப் பலர் மாட்டை மீண்டும் சரிவில் ஏற்றினர். வேலியும் சட்டமும் செய்யாததை அது செய்தது.

ஓருயிரைக் காக்கப் புகுவோர் அவ்வுயிர் எவற்றைச் சார்ந்து வாழ்கின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். அச்சார்புகளில் ஒன்று மனிதனின் பழந்தொழிலாகவும் இருத்தல் கூடும். இங்கிலாந்தின் குன்றுகளில் இன்று கோடைதோறும் பறக்கும் பெருநீலத்தின் முன்னோர் ஓலந்துத் தீவினர். அவை வாழும் புல்நிலமோ அந்நாட்டு மேய்ப்பரின் பழைய நிலம். இரண்டையும் சேர்த்து வைத்தது ஆறு கோடைகாலப் பொறுமை. அப்பொறுமை ஓர் ஐம்பது ஆண்டு முன்னர் வாய்த்திருப்பின், இங்கிலாந்தின் சொந்தப் பெருநீலக் குடியே இன்றும் அங்கு வாழ்ந்திருக்கும்.